படம் இருக்கு, ஆட்டம் எங்கே? - யோகோசுனா முதல் சார்மினார் அட்டை வரை

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, ஆபீஸ்ல ஆணி அதிகமா இருந்ததால தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த மேட்டர் இது. பழைய தீப்பெட்டிப் படம், மல்யுத்த ட்ரம்ப் கார்டு, ஜப்பான் சுமோ அட்டை, காகிதப் பொம்மை... இதெல்லாம் சேர்க்கற ஆசாமி நான். ஸ்ரீரங்கத்துல எங்க வீட்டு பீரோவோட கீழ்த்தட்டு மொத்தமும் இதுதான்.

வீட்ல கேக்குற கேள்வி: "இந்தக் குப்பையெல்லாம் எதுக்குடா?"

நவல்பட்டு ஐ.டி. பார்க்ல கூட வேலை பாக்குறவங்க கேக்குற கேள்வி: "மச்சி, இதெல்லாம் இப்ப என்ன ரேட் போகும்?"

ரெண்டு கேள்வியும் ஒண்ணுதான்னு எனக்குத் தோணுது. ரெண்டு பேருமே அட்டையை வெறும் பொருளாப் பாக்குறாங்க. ஒருத்தருக்கு அது விலையில்லாத பொருள், இன்னொருத்தருக்கு விலை தெரியாத பொருள். ஆனா இது எல்லாமே ஏதோ ஒரு ஆட்டத்தோட காய். ஆட்டம் தெரியாம காயை மட்டும் சேர்த்து வெச்சா, தாயக்கட்டை எதுக்குன்னே தெரியாதவன் அதை ஷோகேஸ்ல வெச்ச கதைதான். நம்ம ஊர்ல இப்ப அதுகூட ஒழுங்கா நடக்கல. காயும் போகுது, ஆட்டமும் போகுது. இதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொசுவத்தி கொஞ்சம் சுத்தும், பொறுத்துக்கோங்க :-)

மொதல்ல யோகோசுனா

நான் ஸ்கூல் படிச்ச காலத்துல கையில இருந்த ட்ரம்ப் கார்டு எல்லாம் ஜான் சீனா, பாடிஸ்டா, அண்டர்டேக்கர் காலத்துச் சரக்கு. 2007ல தி கிரேட் காளி உலக ஹெவிவெயிட் பட்டம் ஜெயிச்சப்போ, அந்த கார்டு யார் கையில இருக்கோ அவன்தான் கிளாஸ்ல ராஜா. பெரியப்பா பையன் என்னைவிட பத்து வயசு மூத்தவன். அவன்கிட்ட அதுக்கும் முந்தின, டபிள்யூ.டபிள்யூ.எஃப். காலத்து கட்டு ஒண்ணு இருந்துச்சு. அதுலதான் யோகோசுனாவை மொதல்ல பாத்தேன். கொண்டை போட்ட மலை மாதிரி ஒரு ஆளு. எடை 500 பவுண்டுக்கு மேல. "வெயிட்!"னு கூவிட்டா எதிராளி கார்டு நம்ம பக்கம்.

எனக்குத் தெரிஞ்ச மொத ஜப்பான்காரர் அவர்தான்னு பல வருஷம் நெனச்சுக்கிட்டு இருந்தேன். என் வயசுப் பசங்க முக்கால்வாசிப் பேருக்கும் அப்படித்தான். உண்மையில அவர் பேரு ராட்னி அனோவாய். சமோவா வம்சாவளி, பொறந்தது அமெரிக்காவுல. சுமோ மேடையில ஜெயிச்சு அந்தப் பட்டத்தை வாங்கினவர் இல்ல. 1993 ஏப்ரல்ல ரெஸில்மேனியாவுல பிரெட் ஹார்ட்டை ஜெயிச்சு சாம்பியன் ஆகி, அதே ராத்திரி ஹல்க் ஹோகன்கிட்ட தோத்தார். 2000ல இறந்து போனார்.

யோகோசுனாங்கறது பேரே இல்லீங்க, சுமோவுல உச்சபட்ச பதவி. இதுல ஒரு சுவாரசியம் என்னன்னா, 1993 ஜனவரியில நெஜமான சுமோவுலயும் ஒரு வெளிநாட்டுக்காரர் மொத மொதலா யோகோசுனா ஆனார். ஹவாயில பொறந்த அகெபோனோ, 64ஆவது யோகோசுனா. அதே மாசம் அமெரிக்க டிவியில நம்ம கார்டு யோகோசுனா ராயல் ரம்பிளை ஜெயிக்கிறார். எது அசல், எது வேஷம்னு ஸ்ரீரங்கத்துல பெட்டிக் கடையில கார்டு வாங்கின பையனுக்கு எப்படித் தெரியும்? ஆனா அவனுக்கு ஜப்பான் வந்து சேர்ந்த வழி அந்த அட்டைதான். ஒரு ஊரு உலகத்தை எப்படிப் புரிஞ்சுக்கிச்சுங்கறதுக்கு இந்த மாதிரி தப்பும் தவறுமான அட்டையைவிட நல்ல சாட்சி வேற இருக்கான்னு தெரியல.

இன்னொண்ணு சொல்லணும். அந்த ஆட்டத்துல மார்பு, பைசெப்ஸ், எடை, உயரம்னு எதைக் கேட்டாலும் பெரிய நம்பர் ஜெயிக்கும். ரேங்க் மட்டும் உல்டா. ஒண்ணாம் ரேங்க் பத்தாம் ரேங்க்கை வாங்கிடும். இந்த விதி எங்ககிட்ட இருந்த எந்த அட்டையிலயும் அச்சடிச்சிருக்கல. ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர் வந்தா என்ன செய்யறதுன்னும் இல்ல. எங்க தெருவுல ரெண்டு கார்டையும் நடுவுல வெச்சுட்டு அடுத்த ரவுண்டுல ஜெயிக்கிறவன் மொத்தத்தையும் அள்ளிக்குவான். ரெண்டு தெரு தள்ளி வேற சட்டம். நாளைக்கு ஒருத்தர் ஒரு முழுக் கட்டை மடிப்பு கலையாம வாங்கி வெச்சாலும், இந்த விஷயம் அவர் கையில இருக்காது.

ஜப்பான்ல என்ன செஞ்சாங்க

வேலை விஷயமா ஜப்பான்ல கொஞ்ச நாள் இருந்தப்போ, டோக்கியோவுல பழைய சாமான் விக்கிற ஒரு கடையில ஒரு கட்டு சுமோ அட்டை வாங்கினேன். அதுக்குப் பேரு மென்கோ. நம்ம சீட்டுக்கட்டு மாதிரி மெல்லிசு இல்ல, கெட்டி அட்டை. ஒருத்தன் அட்டையைத் தரையில வைப்பான். இன்னொருத்தன் தன் அட்டையை அதுக்குப் பக்கத்துல ஓங்கி அடிப்பான். அந்தக் காத்துல மொத அட்டை கவுந்துட்டா அது அடிச்சவனுக்குச் சொந்தம். அவ்ளோதான் ஆட்டம்.

இதுக்கு நீளமான சரித்திரம் இருக்கு. ஆரம்பத்துல சுட்ட மண்ணுல சின்னச் சின்ன முகம் மாதிரி செஞ்சாங்க. அதனாலதான் 'முகம்'னு அர்த்தம் வர்ற அந்தப் பேரு. மெய்ஜி காலத்துல ஈயத்துல வந்துச்சு. ஈயம் குழந்தைங்க உடம்புக்கு ஆகாதுங்கற பயம் வந்ததும், 1900 வாக்குல காகித அட்டை மேல வந்துடுச்சு. அதுக்கப்புறம் அந்த நாட்டுல எது பரபரப்போ அது மென்கோவுல வரும். சாமுராய், போர் நடந்தப்போ சிப்பாயும் பீரங்கியும், போர் முடிஞ்சப்புறம் பேஸ்பால், சுமோ, சினிமா நட்சத்திரம், கடைசியா காட்ஸில்லா, அல்ட்ராமேன்.

சுமோ அட்டைக்கு 1950கள் நல்ல காலம். 1953ல ஜப்பான்ல டிவி ஒளிபரப்பு ஆரம்பிச்சு, சுமோவும் டிவிக்கு வந்துடுச்சு. டிவியில பாத்த ஆளு மறுநாள் மிட்டாய்க் கடையில அட்டையில இருப்பார். 1960கள்ல தாய்ஹோன்னு ஒருத்தர். 32 தொடர் ஜெயிச்சவர். 'ஜயன்ட்ஸ், தாய்ஹோ, ஆம்லெட்' இந்த மூணும்தான் குழந்தைங்களுக்குப் பிடிச்சதுன்னு அங்க ஒரு சொலவடையே உண்டு. நம்ம ஊரு கணக்குல சச்சின், ரஜினி, பூரி கிழங்குன்னு வெச்சுக்கலாம் :-)

அதுக்கு முந்தி ஃபுதாபயாமான்னு ஒரு ஜாம்பவான். 1936ல ஆரம்பிச்சு 1939 ஜனவரி வரைக்கும் வரிசையா 69 போட்டி தோக்காம ஆடினவர். சுமோவுல பாதியில விட்டுட்டு தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போன ரிகிதோசானும் அட்டையில உண்டு. இந்த ரிகிதோசான்கூட 1955ல டோக்கியோவுல மோதினவர் யார் தெரியுமா? நம்ம தாராசிங்கோட மோதி மோதியே இந்தியாவுல பேர் வாங்கின கிங் காங்! ஹங்கேரிக்காரர், நெஜப் பேரு எமீல் சாயா. ஒல்லியான பையன் சண்டைக்குப் போனா "பெரிய தாராசிங்கு!"ன்னு நக்கலடிக்கிறது நம்ம பேச்சுல இன்னும் இருக்கு. அந்த மல்யுத்த உலகமும் ஜப்பான் சுமோ அட்டை உலகமும் ஒரே ஒரு ஆள் தள்ளித்தான் இருந்திருக்கு.

சரி, மேட்டருக்கு வர்றேன். நான் வாங்கின அட்டைங்களோட பின்பக்கம் ஒவ்வொண்ணுலயும் ஏதோ இருக்கு. சிலதுல வீரரோட ஊர், உயரம், எடை. சிலதுல நீளமா ஒரு நம்பர். சிலதுல கல் - காகிதம் - கத்திரி கைச்சின்னம். அதாவது கவுக்கற ஆட்டம் போரடிச்சா, அட்டையைத் திருப்பி நம்பர் வெச்சும் ஆடலாம், கைச்சின்னம் வெச்சும் ஆடலாம். ஒரே அட்டையில மூணு ஆட்டம். ஜப்பான்ல சேகரிக்கறவங்க முன்பக்கத்துக்கு இருக்கற மரியாதையைப் பின்பக்கத்துக்கும் குடுத்து, எந்த அச்சகத்து முத்திரை, எந்த மாதிரி நம்பர், எந்த வருஷம்னு பட்டியல் போட்டு வெச்சிருக்காங்க. அட்டையோட ஆட்டமும் பதிவாகிடுது.

என் கட்டுல ஒரு அட்டை கருத்துப் போய், பிசுபிசுன்னு, மூலையெல்லாம் நைஞ்சு இருந்துச்சு. கடைக்காரர் அதை இலவசமாவே குடுத்துட்டார். அந்தக் காலத்துப் பசங்க அட்டைக்கு மெழுகு தேச்சு, எண்ணெய் ஊறவெச்சு கனமாக்குவாங்களாம். கனமா இருந்தா எதிராளியால கவுக்க முடியாது. நம்ம பசங்க மாஞ்சா போடறதும் பம்பரத்து ஆணியைத் தீட்டறதும் எந்த ரகமோ அந்த ரகம். என்கிட்ட இருக்கறதுலயே உசத்தி அந்த மெழுகு அட்டைதான். ஏன்னா அதை ஒருத்தன் ஆடியிருக்கான்.

காகித சுமோவும் சாக்லேட் பொம்மையும்

காகிதப் பொம்மையில அங்க 'தோந்தோன் சுமோ'ன்னு ஒண்ணு. செலவே கெடையாது. ஒரு ஸ்வீட் பாக்ஸைக் கவுத்துப் போட்டு மேல ஒரு வட்டம் வரையணும். கெட்டிக் காகிதத்தை ரெண்டா மடிச்சு, குண்டு மல்லனை ஓரமாப் பாத்த மாதிரி வெட்டினா, கூடாரம் மாதிரி நிக்கும். ரெண்டு மல்லனை எதிரெதிரா சாய்ச்சு நிறுத்தி, பெட்டியோட ஓரத்தை விரலால டொக் டொக்னு தட்டணும். பொம்மை அதிர்ந்து அதிர்ந்து மோதும். யாரு விழுறாங்களோ, வட்டத்துக்கு வெளிய போறாங்களோ, அவங்க அவுட். நெஜ சுமோவுலயும் இதேதான் சட்டம். வட்டத்தை விட்டுக் கால் வெளிய போனாலோ, பாதம் தவிர வேற எந்த இடம் தரையில பட்டாலோ ஆட்டம் முடிஞ்சது. ஒரு பொம்மை தன் நாட்டு விளையாட்டோட சட்டத்தையே உள்ள வெச்சிருக்கு பாருங்க. போன நவராத்திரிக்கு எங்க வீட்டுக் கொலுவுக்கு வந்த வாண்டுங்களுக்கு இதைச் செஞ்சு குடுத்தேன். சுண்டலைக்கூட மறந்துட்டு தட்டிக்கிட்டு இருந்துச்சுங்க.

நம்மகிட்டயும் இல்லாம இல்ல. கத்திக் கப்பல், ராக்கெட், காத்தாடி, ராஜா ராணி மந்திரி போலீஸ் திருடன் சீட்டு, சாக்லேட் காகிதத்தை முறுக்கி செய்யற பாவாடை பொம்மை, கண்டக்டர் விளையாட்டுக்கு பஸ் டிக்கெட்டோட அடிக்கட்டை... வைகுண்ட ஏகாதசிக்கும் சித்திரைத் தேருக்கும் ரங்கா ரங்கா கோபுரம் பக்கம் போனா, ரெண்டு குச்சியைப் பிரிச்சா பூவா விரியுற கலர் காகிதம் கண்ணுல படும். எங்க அத்தைக்கு சாக்லேட் காகிதத்துல ஆடற பொம்மை செய்யத் தெரியும். யூடியூப்ல தேடினா ஓரிகாமி ஆயிரம் வருது. அத்தை செய்யற பொம்மை மாதிரி, அதே இடுப்பு முறுக்கோட, ஒண்ணும் என் கண்ணுல படல.

தீப்பெட்டிப் படமும் ட்ரிபிள் ஃபைவும்

ஜப்பானுக்கும் நமக்கும் காகித உறவு ட்ரம்ப் கார்டுல தொடங்கல. நூறு வருஷத்துக்கு முன்னாடி இந்தியாவுல எரிஞ்ச தீக்குச்சியில பெரும்பகுதி ஜப்பான்லருந்தும் ஸ்வீடன்லருந்தும் வந்ததுதான். இந்தியச் சந்தைக்குன்னே நம்ம சாமி படம் போட்டு ஜப்பான்ல லேபிள் அடிச்சு அனுப்பினாங்க. 1922ல வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு இறக்குமதி வரி வந்தப்புறம் கதை மாறுது. சிவகாசியிலருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தொழில் கத்துக்கிட்டு வந்து 1923ல ஆரம்பிச்சதுதான் சிவகாசி தீப்பெட்டித் தொழில். லேபிள் அடிக்கணுமேன்னு வந்த அச்சுத் தொழில் அப்புறம் தானே ஒரு பெரிய மரமா வளர்ந்துச்சு.

நம்ம சுமோ அட்டை எதுன்னு கேட்டா நான் 'சீட்டா ஃபைட்' தீப்பெட்டியைத்தான் காட்டுவேன். சிறுத்தையோட ஒரு மனுஷன் மல்லுக்கட்டற படம். ஜப்பான்ல ஃபுதாபயாமா, நமக்கு பேர் தெரியாத அந்தச் சிறுத்தைச் சண்டைக்காரர்.

பழைய தீப்பெட்டி மெல்லிசு மரச்சீவல்ல இருக்கும், லேபிளை மேல ஒட்டியிருப்பாங்க. பெட்டியைத் தண்ணியில ஊறப்போட்டா படம் தானா கழண்டு வரும். அதை நியூஸ் பேப்பர் நடுவுல வெச்சு காய வெச்சா சேகரிப்புக்குத் தயார். அப்புறம் வந்த அட்டைப் பெட்டியில படத்தை நேராவே அச்சடிச்சிடறாங்க, வெட்டித்தான் எடுக்கணும். ஒரு பெட்டி 2007ல 50 காசுலருந்து ஒரு ரூபா ஆச்சு. அதுக்கப்புறம் பதினாலு வருஷம் கழிச்சு 2021 டிசம்பர்லதான் ரெண்டு ரூபா ஆச்சு. அடுப்புக்கு லைட்டர் வந்துட்ட வீட்ல தீப்பெட்டி இப்ப பூஜை ரூம்ல மட்டும்தான் இருக்கு. படம் சேர்க்கற பசங்களை நான் பாத்து பல வருஷம் ஆச்சு.

இப்ப சிகரெட் அட்டைக்கு வர்றேன். எங்க மாமாவுக்கு வயசு அறுபத்தி மூணு. அடையவளஞ்சான் வீதியில வளர்ந்தவர். அவர் காலத்துப் பசங்களுக்கு காலி சிகரெட் பாக்கெட்தான் கரன்சி. தரையில வட்டம் போட்டு நடுவுல அட்டையை அடுக்கி, தூரத்துல கோட்டுல நின்னு சில்லு வீசணும். வட்டத்தை விட்டு வெளிய வந்த அட்டை எல்லாம் வீசினவனுக்கு. சார்மினார் அஞ்சு, சிசர்ஸ் பத்து, வில்ஸ் இருபது, ட்ரிபிள் ஃபைவ் நூறு. மதிப்பு எப்படி வந்துச்சுன்னு யோசிச்சுப் பாத்தா பொருளாதாரமே இருக்கு. சார்மினார் எந்தக் குப்பையிலயும் கெடைக்கும். ட்ரிபிள் ஃபைவ் வேணும்னா சிங்கப்பூர், மலேசியாவுலருந்து யாராவது திருச்சி ஏர்போர்ட்ல வந்து எறங்கணும். "யார் வீட்டுக்கு சபுராளி வந்திருக்கார்னு மொதல்ல எங்களுக்குத்தான்டா தெரியும்"னு மாமா சொல்வார்.

எங்க அப்பா லால்குடி. கொள்ளிடத்தைத் தாண்டிப் போகணும், மொத்தம் இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. அவர் சொல்ற ஆட்டமே வேற. அங்க வட்டமே கெடையாதாம். ஒருத்தன் தன் சில்லைத் தூரமா வீசிட்டு "எத்தனை கட்டறே?"ன்னு கேப்பான். எதிராளி பந்தயம் கட்டிட்டு அந்தச் சில்லைக் குறி வெச்சு அடிக்கணும். விலைப்பட்டியலும் வேற, பாசிங் ஷோ அங்க உசத்தி. ஒரு ஞாயித்துக்கெழமை சாப்பாட்டுக்கப்புறம் ரெண்டு பேரும் இதுக்காக போட்ட சண்டை இருக்கே... "மாப்ளே, நீங்க சொல்றது ஆட்டமே இல்ல"ங்கறார் மாமா. "மச்சான், உங்க ஊர்ல ஆடத் தெரியாம வட்டம் போட்டீங்க"ங்கறார் அப்பா. யார் சரின்னு முடிவு பண்ண ஒரு புத்தகம் இல்ல, ஒரு குறிப்பு இல்ல. ரெண்டு பேரும்தான் ஆதாரம். நான் ஃபோனை எடுத்து ரெண்டு பேர் பேச்சையும் ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கிட்டேன். என் சேகரிப்புலயே விலைமதிப்பு அதுக்குத்தான் அதிகம்.

"அதுக்காக சிகரெட் அட்டையைக் குழந்தைங்க கையில மறுபடி குடுக்கணுமா?"ன்னு யாராவது கும்ம வர்றதுக்கு முன்னாடி சொல்லிடறேன்: வேண்டவே வேண்டாம். 2016 ஏப்ரல்லருந்து பாக்கெட்ல 85 சதவீதம் எச்சரிக்கைப் படம்தான், அது நல்ல விஷயம். நான் ஆட்டத்தை உயிர்ப்பிக்கச் சொல்லல. எழுதி வைக்கச் சொல்றேன். குழந்தைங்களுக்குத்தான் தோந்தோன் சுமோ இருக்கே.

விலை, கிரேடு, பிளாஸ்டிக் பெட்டி

சேகரிப்பு உலகத்துல இப்ப பெரிய மோகம் கிரேடிங். அட்டையை அனுப்பினா, மூலை எப்படி, ஓரம் எப்படி, படம் நடுவுல இருக்கான்னு பாத்து பத்துக்கு மார்க் போட்டு, பிளாஸ்டிக்ல அடைச்சுக் குடுப்பாங்க. விக்கறவனுக்கும் வாங்கறவனுக்கும் நடுவுல தகராறு வராம இருக்க அது உதவும், இல்லங்கல. ஆனா இந்த அளவுகோல்படி ஒசந்த அட்டை எதுன்னா, யாருமே ஆடாத அட்டை. கடைக்காரர் விக்காம மூலையில போட்ட கட்டுக்கு பத்துக்குப் பத்து. ஒருத்தன் வருஷக்கணக்கா பாக்கெட்ல வெச்சு ஆடினதுக்கு ஒண்ணோ ரெண்டோ. விளையாட்டுச் சாமான் விஷயத்துல இது தலைகீழ் கணக்கு.

பெட்டியில அடைச்சதுக்கு இன்னொரு வினையும் உண்டு. பின்பக்கத்தை யாரும் தேடிப் பாக்கறதில்ல. மென்கோவுல பாதி விஷயம் பின்பக்கம்தான் இருக்குன்னு சொன்னேன்ல? நம்ம ட்ரம்ப் கார்டுலயும் பின்பக்கத்துல பேனாவுல எவனோ எழுதின இனிஷியல் இருக்கும். சண்டை வரக்கூடாதுன்னு எழுதினது. கிரேடிங்காரருக்கு அது கறை. எனக்கு அதுதான் முகவரி.

எதிர்த்தரப்புல ஒரு நியாயமான வாதம் இருக்கு. "விலை இருந்தாத்தான் ஜனங்க குப்பையில போட மாட்டாங்க. ஜப்பான்ல மென்கோவுக்கு மார்க்கெட் இருக்கு, அதான் மிஞ்சிச்சு." பாதி உண்மை. ஆனா விலை காப்பாத்தறது காகிதத்தை மட்டும்தான். மாமாவோட வட்டத்தையும் அப்பாவோட பந்தயத்தையும் எந்த ஏலத்துல விக்கிறது?

விலை பாக்காம சேர்த்தவங்க நம்ம பக்கத்துலயே இருந்திருக்காங்க. திருச்சியிலருந்து பஸ்ஸுல ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல போயிடலாம், காரைக்குடி பக்கம் கோட்டையூர். அங்க ரோஜா முத்தையா செட்டியார் புத்தகத்தோட நிக்காம அழைப்பிதழ், நாடக நோட்டீஸ்னு மத்தவங்க கிழிச்சுப் போடற காகிதத்தையும் சேர்த்து வெச்சார். அவர் 1992ல இறந்தார். அந்தச் சேகரிப்புதான் சென்னையில 1994ல தொடங்கின ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அஸ்திவாரம். பழைய நாடக நோட்டீஸுக்கு அவர் வாங்கின காலத்துல என்ன ரேட் போயிருக்கும்னு நெனைக்கறீங்க? இன்னிக்கு நாடக வரலாறு எழுதறவங்களுக்கு அதுதான் மூலம்.

நாம என்ன செய்யலாம்

பெரிய மியூசியம் எல்லாம் கட்ட வேண்டாம். என் வழக்கத்தைச் சொல்றேன்.

ஒண்ணு, ஒவ்வொரு அட்டையும் ஒரு காகித உறைக்குள்ள. உறை மேல பென்சில்ல யார்கிட்ட கெடைச்சது, எந்த ஊர், எந்த வருஷம் ஆடினது, எப்படி ஆடினாங்கன்னு நாலு வரி. அட்டை மேல எதுவும் எழுதறதில்ல.

ரெண்டு, லேமினேஷன் கூடவே கூடாது. திரும்ப எடுக்க முடியாது. செல்லோடேப் அதைவிட மோசம், மஞ்சக் கறையா எறங்கிடும். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை நம்ம ஊர் வெயிலுக்கு ஒட்டிக்கும். உறையைப் பெட்டியில போட்டு ஈரம் படாத தட்டுல வெச்சா போதும். பூச்சிக்கு வருஷத்துக்கு நாலு தடவை தொறந்து பாத்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

மூணு, நைஞ்சதைத் தூக்கிப் போடறதில்ல. மெழுகு, பேனாக்கறை, மடிப்பு எல்லாம் தகவல்.

நாலாவதுதான் முக்கியம். ஆடினவங்களைப் பேச வெச்சு ரெக்கார்ட் பண்றது. "சின்ன வயசுல என்ன விளையாடினீங்க?"ன்னு பொதுவாக் கேட்டா "ம்ம்... கிட்டிப்புள்ளு, கோலி"ன்னு ரெண்டு வார்த்தையில முடிச்சிடுவாங்க. ஒரு பழைய அட்டையைக் கையில குடுத்துட்டு "இதுக்கு எத்தனை பாயிண்டு?"ன்னு கேட்டுப் பாருங்க. ஒரு மணி நேரம் நிக்க மாட்டாங்க. அட்டையோட உண்மையான உபயோகம் இதுதான்னு எனக்குத் தோணுது. அது மனுஷங்களைத் தொறக்கற சாவி.

அட்டை இன்னும் அம்பது வருஷம் இருக்கும். பழைய பேப்பர் கடையில, யாரோட பரண்லயாவது, எங்கயாவது ஒண்ணு ரெண்டு மிஞ்சும். அதை வெச்சு ஆடினவங்க அப்படி இல்ல. எங்க தெருவுல இந்த ஆட்டம் தெரிஞ்சவங்க இப்ப எத்தனை பேர்னு எண்ணிப் பாத்தேன். ஆறு பேர். போன வருஷம் ஏழு.

அதனால மக்களே, அந்தக் காலத்து தொடர்பதிவு மாதிரி ஒண்ணு ஆரம்பிக்கறேன். யாரையும் பேர் சொல்லிக் கோத்து விடல. படிக்கிற எல்லாரும் மாட்டிக்கிட்டதா நெனச்சுக்கோங்க :-)

1. உங்க ஊர்ல சிகரெட் அட்டை, தீப்பெட்டிப் படம், பிலிம், ட்ரம்ப் கார்டு - எதை வெச்சு ஆடினாங்க? அந்த ஆட்டத்துக்கு என்ன பேரு?
2. எதுக்கு எத்தனை மதிப்பு? எது ரொம்ப அபூர்வம், ஏன்?
3. ஜெயிக்க என்ன தில்லாலங்கடி பண்ணாங்க?
4. பொம்பளைப் பிள்ளைங்க என்ன காகிதப் பொம்மை செஞ்சாங்க? மடிக்கிற முறையைப் படிப்படியா.
5. இதையெல்லாம் உங்களுக்கு யார் சொன்னாங்க, அவங்க எந்த ஊர், எந்த வருஷம்?

உங்க பக்கத்துல எழுதிட்டு பின்னூட்டத்துல சுட்டி குடுங்க. ஊர்வாரியா தொகுத்து வைக்கிற வேலை என்னோடது.

டிஸ்கி 1: "இதுக்கு என்ன ரேட் போகும்?"ங்கற பின்னூட்டம் வெளியிடப்பட மாட்டாது.

டிஸ்கி 2: லால்குடி, மணச்சநல்லூர், துறையூர்ப் பக்கத்து மக்கள் கொஞ்சம் சீக்கிரமா வந்து சொல்லுங்கப்பா. வீட்ல வட்டமா பந்தயமாங்கற பஞ்சாயத்து இன்னும் முடியல.